உடம்பின் நிலையும் உள்ளத்தின் சார்பும்

உடம்பு நிற்கும் நிலைக்கும் உள்ளம் நிற்கும் நிலைக்கும் உள்ள இயைபு யாது என்னும் வினா, நூல்களை ஆராய்வார்க்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் எழுந்தும் நடந்தும் இருந்தும் கிடந்தும் வாழ்வார் எல்லார்க்கும் உரியது. தலைகவிழ்ந்து நடப்பான் ஒருவனைக் கண்டால், இவன் மனம் நொந்துளான் என்கின்றோம். நோதற்கு வேறு காரணம் இல்லாதான் ஒருவனைச் சில ஆண்டு தலைகவிழ்ந்தே நடக்குமாறு செய்துவிட்டால், அவன் மனமும் நொந்துவிடுமோ என்று எண்ணிப் பார்ப்பதில்லை. திருக்கோயிலிற் கைகுவித்து நிற்கும் இளைஞர் சிலர், நெஞ்சம் குவியாதபோது கையைக் குவித்தல் பொய்யன்றோ என்று கேட்பர். திருமடங்களிற் பாடஞ்சொல்லும் ஆசிரியர் பலரும் இவ்வினாவை எதிர்ப்பட்டிருப்பர். கையைக் குவிக்கக் குவிக்க நெஞ்சமும் குவியும் என்று விடைகூறி அமைதல் வழக்கம். அவ்விடை பெரும்பாலும் மெய்யே. ஆயினும், அதனையே முழுமெய்யாகக் கொள்ளின் பெரியதோர் இடர்ப்பாடு எழுகின்றது. நாஞ்சில்நாட்டின் வரலாறு அவ்விடர்ப்பாட்டை மறைக்க இயலாதபடி நம்முன் வைக்கின்றது. முதற்கண் அவ்விடையின் வலிமையையும், பின்னர் அதன் இடர்ப்பாட்டையும் நோக்குவாம்.

மேலைநாட்டார்க்கு இவ்வினா நெடுங்காலம் அவிழா முடிச்சாகவே இருந்தது. பிரெஞ்சு நாட்டு அறிஞராகிய தெக்கார்த்தே (1596–1650) என்பார் மனத்தையும் உயிரையும் ஒன்றாக வைத்து, உடம்பை அதற்கு முற்றும் வேறாகிய, இடங்கொள்ளும் பொருளாக வகுத்தார். அங்ஙனம் வகுத்தமையால், இடங்கொள்ளாத மனம் இடங்கொள்ளும் உடம்பை அசைப்பது எவ்வாறு என்னும் தடை பிறந்தது. 1643-ஆம் ஆண்டிற் பொகீமிய இளவரசி எலிசபெத்து என்பார் அவருக்கு ஓலைவிடுத்து இதனையே வினாவினார். அறிஞர் எழுதிய விடைகள் இளவரசியார்க்கு அமைதி தரவில்லை. அவ்வழக்கு அந்நாட்டு நூல்களில் இன்றும் முடிந்தபாடில்லை.

நம் சித்தாந்தத்தில் இத்தடை எழுதற்கே இடமில்லை. யாங்ஙனமெனின், மனம் உயிரன்று. உடம்பைப்போல அதுவும் சடமே. மூலப்பகுதியினின்று குணதத்துவமும், அதனினின்று புத்தியும், புத்தியினின்று அகங்காரமும் தோன்ற, அவ்வகங்காரம் தைசதம் வைகரி பூதாதி என மூன்று கூறாய் நின்று, முதற்கூற்றால் மனமும் ஞானேந்திரியங்களும், இரண்டாங்கூற்றால் வாக்கு பாதம் பாணி முதலிய கன்மேந்திரியங்களும், மூன்றாங்கூற்றால் தன்மாத்திரைகளும் அவற்றின்வழி ஐம்பூதங்களும் தோன்றும் என்பது நம் நூல்களின் துணிபு. ஆகவே, குவிகின்ற கையும், குவிகின்ற மனமும், அவை தங்கும் பூதவுடம்பும் உடன்பிறந்தன. ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒன்று அழ மற்றொன்றும் அழுதல் வியப்பன்று. மனம் உடம்பை இயக்குமோ, உடம்பு மனத்தை இயக்குமோ என்று வினவுதல், கொல்லன் பட்டடையிற் சுத்தி உலையை ஏவுமோ உலை சுத்தியை ஏவுமோ என்று வினவுதல்போலும். இரண்டும் கருவியே. அக்கருவிகளைக்கொண்டு தொழிற்படுவது உயிர். உயிர்க்கு அறிவை விளக்கி உடன்நிற்பது திருவருள். அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று எனச் சிவஞானபோதத்து நான்காஞ்சூத்திரம் நிறுவியதை நாம் முத்தியாராய்ச்சிக்கே எடுத்தாளுகின்றோம். கழுத்துநோவுக்கும் காலைச் சோம்பலுக்கும் அது விளக்கந் தரவல்லது என்பதை நினைப்பார் சிலரே.

இக்காலத்து உளநூலார் ஒரு நூற்றாண்டுக்குமேல் வேறுவழியால் இதனை நெருங்கி வந்துள்ளனர். அமெரிக்க நாட்டு வில்லியம் சேம்சு என்பார் 1884-இலும், டென்மார்க்கு நாட்டுக் கார்ல் லாங்கே என்பார் 1885-இலும், துயரத்தாற் கண்ணீர் வருகின்றது என்னும் உலகவழக்கைத் தலைகீழாக்கி, கண்ணீர் முதலிய உடற்குறிகளை உணர்தலே துயரம் என்று எழுதினர். அதன்வழி வந்தார் செய்த சோதனைகள் பல. 2010-இல் டேனா கார்னி, ஆமி கடி, ஆண்டி யாப் என்னும் மூவர், 42 பேரைக்கொண்டு சோதித்து, கைகால்களை அகல விரித்து நிமிர்ந்த நிலையிற் சில நிமிடம் இருப்பின் குருதியிற் சுரக்கும் நீர்களே மாறி ஊக்கம் பிறக்கின்றது என்று வெளியிட்டனர். அவ்வுரை உலகெங்கும் பரவியது. அலுவலகத் தேர்வுக்குச் செல்வார் கதவடைத்துக்கொண்டு கையை இடுப்பிலூன்றி நிற்கலாயினர். 2015-இற் சூரிச்சு நகரத்தார் 200 பேரைக்கொண்டு மீளச் சோதித்தபோது, ஊக்கமுற்றதாகத் தாமே சொல்லிக்கொண்டார் உளரேயன்றிச் சுரப்புநீரிலும் செயலிலும் வேறுபாடு காணப்பட்டிலது. 2016-இல் அம்மூவருள் முதல்வராகிய கார்னி என்பாரே, அவ்விளைவு மெய்யென்று தாம் இனி நம்பவில்லை என்று எழுதிவிட்டார். இது போற்றத்தக்க நேர்மை. 2022-இல் 19 நாடுகளில் ஏறத்தாழ 3,900 பேரைக்கொண்டு செய்த மற்றொரு சோதனையில், வேண்டுமென்றே முகத்திற் புன்னகையை வருவித்துக்கொள்வார்க்கு உள்ளத்திலும் மகிழ்ச்சி சிறிது மிகுதல் புலனாயிற்று. சிறிது என்னும் சொல்லை இங்கு விடாமற் பற்றவேண்டும். உடம்பின் நிலை உள்ளத்தை நெருடுகின்றது. ஆனால் தானே சென்று அதனைப் புரட்டிவிடுவதில்லை. சந்தையிற் கூவப்படும் பல 'நிலை'களைப் பற்றி நம்மவர்க்கு இவ்வளவு தெரிந்திருத்தல் நன்று.

நம் பெரியோர் வகுத்த வணக்கமுறைகள் இதனை அறிந்தே வகுக்கப்பட்டன என்பது என் துணிபு. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் விளக்கிய அட்டாங்க வணக்கத்தை நோக்குக. தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு ஆகிய எட்டும் நிலந்தோய வேண்டும். இரண்டு செவியும் ஒருங்கே நிலந்தோய்தல் எவர்க்கும் இயலாது. முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமும் முகத்தைத் திருப்பினாலன்றி அவ்வணக்கம் நிறைவேறாது. ஆகவே அதனை விரைந்து செய்துமுடித்தல் கூடாது. ஒருமுறையோ இருமுறையோ வீழ்ந்தெழுதல் குற்றமென்றும், மூன்று ஐந்து என மேற்பட வேண்டும் என்றும் வகுத்தனர். விழுதலும் எழுதலும் அடுத்தடுத்து நிகழும்போது மூச்சு வேறுபடுகின்றது. உலகியல் எண்ணத்தின் கோவை அறுகின்றது. அறுந்த அவ்விடைவெளியில் அஞ்செழுத்துக்கு இடம் கிடைக்கின்றது. மனத்தை நேரே பிடித்து அடக்கப் புகுவார் படும் பாட்டை நினைத்தால், உடம்பைப் பிடித்து மனத்தைத் தொடும் இவ்வழியின் எளிமை விளங்கும். சரியையை முதற்படியாக வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

யோகத்துக்கும் இஃதொக்கும். திருமூலர் தம் திருமந்திரத்து மூன்றாந்தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தை விரிக்கின்றார். ஆசனம் அவ்வெட்டனுள் மூன்றாவதேயாம். இயமமும் நியமமும் அதற்கு முன்னிற்கின்றன. இந்நாளில் ஆசனத்தை மட்டும் பிரித்தெடுத்து, அஃதொன்றே யோகம் எனப் பெயரிட்டு, நலவாழ்வுக்கு மருந்தாக விற்கின்றனர். முதலிரண்டு படியையும் இடித்துவிட்டு மூன்றாம்படியில் ஏறுவான் நிலை என்னாகும்? விற்பார் அதனைச் சொல்லார். பதஞ்சலியார் ஆசனத்துக்கு வேண்டியவை உறுதியும் சுகமுமாகிய இரண்டே என்றார். உடம்பை முறுக்குதலையே குறிக்கோளாகக் கொண்டார்க்கு அவ்விரண்டும் வாய்ப்பதரிது. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு நோவால் வருந்தினர் என்று கணக்கிட்டுள்ளனர். இன்ன நிலையே நன்று, இன்ன நிலையே தீது என்று ஒன்றைச் சுட்டுதலினும், எந்நிலையாயினும் அதிலேயே நெடிது தங்காமை நன்று என்பது இக்காலத்து உடலியலார் பலர்தம் கொள்கை. விடியலில் நீராட்டு, நீறணிதல், இருந்து செபித்தல், நடந்து கோயில் சேர்தல், வலம்வருதல், வீழ்ந்து வணங்கல், நின்று பாடுதல், மீண்டு நடத்தல் என்று நம் நித்திய கருமம் உடம்பை ஒருநிலையில் நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே செல்கின்றது. உடல்நலத்துக்காக அதனை வகுத்தனர் என்று நான் சொல்லேன். அவ்வாறு சொல்லிப் பெருமைகொள்ளுதல் இக்காலத்தார் சிலர்க்கு வழக்கம். அது கடவுளை மருத்துவர்க்கு ஏவலாளாக்குவதாகும். நலம் அதன்கண் உடன்விளையும் பயன், அவ்வளவே.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவாம். உடம்பைப் பணியவைத்தால் உள்ளம் பணியும். உள்ளம் பணிதல் நன்று. ஆதலின் உடம்பைப் பணியவைத்தல் எவ்விடத்தும் நன்று என்று ஒருவர் முடிவுகூறின் யாது சொல்வோம்?

1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டமாய்த் தமிழகத்தோடு இணைந்திருக்கும் நிலம், அதற்குமுன் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாய் இருந்தது. நாஞ்சில்நாடு என்னும் தோவாளையும் அகத்தீசுவரமும், அவற்றின் மேற்கே கல்குளமும் விளவங்கோடும் அதன்பாற் படும். நெல்வளத்தாற் பெயர்பெற்ற இந்நிலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை, மக்களுட் பெரும்பகுதியினர் எப்படி நிற்கவேண்டும், எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும், எதனை உடுக்கவேண்டும், எதனைத் தலையிற் சுமக்கவேண்டும் என்பன எல்லாம் பிறரால் வகுக்கப்பட்டிருந்தன. நாடார் முதலிய குலத்தார் குடைபிடித்தலும் செருப்பணிதலும் பொன்னணிதலும் கூடாது. அக்குலத்துப் பெண்டிர் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் சுமத்தலும் கூடாது. மேலாடை அணிதல் கூடாது. மேலோர் எனப்படுவார்முன் மார்பு மறையாது நிற்றலே மரியாதை எனப்பட்டது. ஆடவர் தலையிலும் தோளிலும் கிடந்த துணியை எடுத்து இடையிற் கட்டி, வாய்பொத்திக் குனிந்து நிற்கவேண்டும். கூலியின்றி ஊழியஞ் செய்யவேண்டும். புலையர் முதலியோர் நிலத்தோடு விற்கவும் வாங்கவும் பட்டனர். அடிமைமுறை திருவிதாங்கூரில் முற்றும் ஒழிந்தது 1855-இலேயாம். மேலாடைபற்றி 1822 முதற் கலகங்கள் அடுத்தடுத்து எழுந்தன. 1859 சூலையில் அரசர் விடுத்த ஆணையே நாடார் பெண்டிர்க்கு மார்பை மறைக்கும் உரிமையை நல்கியது. அதுவும் மேற்குலப் பெண்டிர் உடுக்கும் முறையில் உடுத்தலாகாது என்னும் வரையறையோடு நல்கியது.

இடுப்பிற் குடம் வைத்தலைத் தடுக்க ஓர் அரசியல் ஏன் முயலவேண்டும்? அற்பச்செயல் அன்றோ? அன்று. உடம்பின் நிலை உள்ளத்தைத் தொடும் என்னும் உண்மையை நம் ஆசிரியர்கள் அறிந்தவாறே, ஆள்வோரும் அறிந்திருந்தனர். ஒருவனை நாள்தோறும் குனியவைத்தால், அவனை அடித்து அச்சுறுத்தவேண்டும் காலம் வரவர அருகிவிடும். அவன் முதுகே அவனுக்குக் காவலாள் ஆகிவிடும். வழிபாட்டில் உயிரை உயர்த்துதற்குப் பயன்பட்ட அதே நெறி, இங்கு உயிரை ஒடுக்குதற்குப் பயன்பட்டது. கை குவிக்கக் குவிக்க நெஞ்சம் குவியும் என்று மட்டும் சொல்லி நிறுத்தும் ஆசிரியர், இவ்விரண்டையும் பிரித்துக்காட்ட வல்லரல்லர்.

இதனினும் கொடியதொன்று உண்டு. தெருவிற் குனிந்தே நிற்கவேண்டும் என்று விதிக்கப்பட்ட அம்மக்கள், சுசீந்திரத்துத் தாணுமாலயப் பெருமான் திருமுன் குனிந்து வணங்கப் புகுந்தாற் புகவிடப்பட்டிலர். கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடத்தலும் அவர்க்கு மறுக்கப்பட்டது. அத்தெருவுரிமைக்காக 1926-இற் கோட்டாற்று மருத்துவர் எம். இ. நாயுடு முதலியோர் சுசீந்திரத்தில் அறப்போர் தொடங்கினர். 1936 நவம்பர் 12-இற் சித்திரைத் திருநாள் அரசர் விடுத்த கோயில்நுழைவு ஆணையால் திருக்கதவு திறந்தது. வணங்கத் தகுந்த இடத்தில் வணங்கவொட்டாமல் தடுத்து, வணங்கத் தகாத இடத்தில் வணங்கச் செய்த இத்தலைகீழ் முறையைச் சைவர் சிலரும் அந்நாளில் நெறியென்றே கொண்டிருந்தனர். அதனை நாம் மறைத்தல் தகாது.

இவ்வொடுக்குமுறைக்கு அந்நிலத்திலேயே எழுந்த மறுமொழிகளுள் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. கன்னியாகுமரிக்கு அணித்தாகிய சாமித்தோப்பில் விளங்கிய வைகுண்ட சாமிகள் (1809–1851), தம்மைச் சார்ந்த ஆடவர் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடுதல்வேண்டும் என வகுத்தார். அவர் வழியினர் இன்றும் அங்ஙனமே வழிபடுகின்றனர். பள்ளியறையில் நிலைக்கண்ணாடியும் வைத்துள்ளனர். அவர் நெறி நம் நெறியன்று. அதன் கோட்பாடுகளை ஈண்டு ஆராயப்புகவில்லை. ஆனால் உடம்பின் நிலைபற்றிய இவ்வாராய்ச்சியில் அத்தலைப்பாகையைத் தள்ளிவிட்டுச் செல்லல் இயலாது. சுசீந்திரத்தில் ஆடவர் மேலாடையைக் களைந்து திருமுன் நிற்கின்றனர். சாமித்தோப்பிலோ தலைக்குத் துணிகட்டி நிற்கின்றனர். செயல் முரணாயினும் இரண்டும் வழிபாடே. தெருவில் ஏவலுக்கு அஞ்சித் துணியைக் களைந்து நின்றதோ, சுசீந்திரத்து வழிபாட்டோடு செயலால் ஒத்திருந்தும் வழிபாடு ஆகாது. உடம்பின் வடிவை மட்டும் நோக்குவார்க்கு இது விளங்காது.

சித்தாந்தம் இதனை விளக்கவல்லது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. படிகம் தன்னை அடுத்த நிறத்தைக் கவர்ந்து நிற்றல்போலவும், கண் இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்றல்போலவும், உயிர் பாசத்தைச் சாரிற் பாசமாயும், பதியைச் சாரிற் பதியின் விளக்கம் பெற்றும் நிற்கும். குனிதல் என்பது படிகத்தைத் திருப்பிவைத்தல் மாத்திரையே. எதன்பால் திருப்பினோம் என்பதே அதன் நிறத்தை வரையறுக்கும். மலத்தாற் கட்டுண்டு நிற்பான் ஒருவன், தன்னைப்போற் கட்டுண்ட மற்றொருவனைத் தன்முன் குனியச் செய்யும்போது, குனிந்தவன் உயிர் அச்சத்தின் நிறத்தைக் கவர்கின்றது. குனியச் செய்தவன் உயிரோ ஆணவத்தின் நிறத்தை முன்னினும் திணிதாகக் கவர்கின்றது. இருவர்க்கும் கேடே. குனிந்தவன் கேட்டைக் கலகங்கள் எடுத்துக்காட்டின. மற்றவன் கேட்டை எடுத்துக்காட்டுவார் இலராயினர். திருவருளின் முன் குனிவானோ, எவர்க்கும் அஞ்சாத நிமிர்வைப் பெறுகின்றான். திருநாவுக்கரசர், தம் உறுப்புக்களைத் தனித்தனி விளித்து இறைவன்பால் ஏவும் திருவங்கமாலையை அருளியவர். பல்லவ மன்னன் ஆணைக்கு வளையாது நின்றவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவர்பாலே நிகழ்ந்தன என்பதைத் திருமுறை ஓதுவார் அடிக்கடி நினைத்தல் நன்று.

அவர் வரலாற்றுள்ளேயே தெளிவானதொரு சான்று உளது. திருப்பூந்துருத்தியை நோக்கிச் சம்பந்தப்பிள்ளையார் முத்துச்சிவிகையில் எழுந்தருளிவர, அரசர் கூட்டத்துட் புகுந்து தாமும் ஒருவராய்ச் சிவிகையைத் தாங்கினார் என்று சேக்கிழார் உரைப்பர். அப்பர் எங்குளார் என்று பிள்ளையார் வினவ, தாம் கீழே தாங்கி வருதலை அவர் உரைத்தார். பிள்ளையார் பதைத்து இழிந்து வணங்கப்புக, அரசர் அதற்கு முன்னரே அவரை வணங்கினார். தோளிற் சிவிகைத்தண்டு அழுந்தும் நிலை, ஊழியக்காரர் தோளில் அஃதழுந்தும் நிலையே. தசையும் என்பும் வேறுபாடு அறியா. வேறுபாடு இரண்டிடத்து உளது. தாங்கியவர் தாமே விரும்பிப் புகுந்தார். மேலிருந்தவர் அறிந்த அக்கணமே இழிந்தார். இவ்விரண்டனுள் முன்னதைப்பற்றி நாம் மிகப் பேசுகின்றோம். பின்னதைப்பற்றிப் பேசுதல் குறைவு.

கண்ணப்பர் செருப்படி திருமேனியிற் பட்டதும், முத்தநாதன் நீறணிந்து புத்தகக் கட்டோடு வந்ததும் இவ்விதழ் படிப்பார்க்கு எடுத்துரைக்க வேண்டா. முன்னவர் நிலை எவ்வாகமத்துக்கும் அடங்காதது. பின்னவன் நிலையிலோ ஆகமம் குறைகாண இயலாது.

மனத்தின் சார்பு உடம்பின் உழைப்பையே வேறாக்கும் என்பதற்கு இக்காலத்துச் சோதனையொன்றும் காட்டுவர். 2007-இல் ஆலியா கிரம், எலன் லாங்கர் என்னும் இருவர், அமெரிக்க நாட்டு ஏழு விடுதிகளில் அறைகளைத் துப்புரவு செய்யும் 84 பெண்டிரை ஆராய்ந்தனர். நீவிர் செய்யும் வேலையே மருத்துவர் வேண்டும் உடற்பயிற்சியாம் என்று ஒருசாரார்க்கு அறிவித்து, மறுசாரார்க்கு அறிவியாது விட்டனர். நான்கு வாரங்கழித்து, அறிவிக்கப்பட்டார்பால் உடல் எடையும் குருதியழுத்தமும் சிறிது குறைந்திருந்தன என்று எழுதினர். சிறியதொரு சோதனை, இதன்மேற் பெரிய மாளிகை கட்டலாகாது. ஆயினும் இதனை ஒத்ததைக் கல்குளம் விளவங்கோடு வட்டங்களில் ஆண்டுதோறும் சிவராத்திரியிற் காணலாம். முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் ஈறாகப் பன்னிரு சிவாலயங்களையும், கையில் விசிறியோடு, ஓட்டமும் நடையுமாய் அடியார் சுற்றி வருவர். சிவாலயந்தோறும் ஓடுவார் வாயில் 'கோவிந்தா கோபாலா' என்னும் ஒலியே மிகும். அதன் காரணத்தைப் புருடாமிருகக் கதையில் ஊரார் சொல்லுவர். சமயப்பூசல் விளைப்பார் அவ்வோட்டத்தை ஒருமுறை கண்டுவரலாம். அவ்வளவு தொலைவைக் கூலிக்குச் சுமைசுமந்து கடந்தவன் மறுநாள் எழான். சிவாலயம் ஓடியவன் கால்வீங்கியும் முகமலர்ந்து வீடு சேர்கின்றான்.

ஆயினும் இதனினின்று ஒருவர் தவறான முடிபுக்குச் செல்லல் எளிது. சுமையைப் பூசை என்று எண்ணினாற் சுமை இலேசாகும் என்பது உண்மையாயின், சுமப்பானுக்கு அதனை உபதேசித்துவிட்டால் அமையாதோ என்பர். அமையாது. அவ்வுபதேசத்தைச் சுமத்துவோன் செய்தல் தகாது. தன் சுமையைத் தவமாகக் கொள்ளும் உரிமை சுமப்பானுக்கே உண்டு. பிறன் அதனைச் சொல்லும்போது அது தவத்தின் பெயரால் நிகழும் ஊழியமே. விடுதியிற் பணிசெய்யும் பெண்ணுக்கு அவள் வேலை உடற்பயிற்சி என்று அறிவித்தல் நன்று. அதனைச் சொல்லிக் கூலியைக் குறைத்தல் கொடிது. மனநிலையால் நலம்விளையும் என்று இக்காலத்து எழுதுவார் பலர் இவ்வெல்லையைக் காப்பதில்லை.

இது திருமடங்களைச் சார்ந்தார்க்கும் அண்மைக்காலத்து நேர்ந்ததொரு வழக்கு. 2022-ஆம் ஆண்டில், தருமபுர ஆதீனத்துப் பட்டினப்பிரவேச விழாவில் ஆதீனகருத்தரைப் பல்லக்கில் மக்கள் சுமந்து செல்லுதலைக் கோட்டாட்சியர் தடைசெய்தார். தடை மே திங்களில் விலக்கப்பட, அத்திங்களிலேயே விழா நிகழ்ந்தது. அக்காலத்து இருசாராரும் எழுதியனவும் பேசியனவும் மிகப்பல. மனிதனை மனிதன் சுமத்தல் எவ்வாற்றானும் இழிவே என்றனர் ஒருசாரார். அன்பராய் விரும்பிச் சுமப்பாரைத் தடுக்க எவர்க்கும் உரிமையில்லை என்றனர் மறுசாரார். இருவரும் சிவிகைத்தண்டையே நோக்கினர் என்று எனக்குத் தோன்றுகின்றது. திருப்பூந்துருத்தி நிகழ்ச்சியை அளவுகோலாகக் கொண்டால், வினவவேண்டுவன வேறு. சுமப்பாருள் எவரேனும் ஒருவர், இவ்வாண்டு யான் சுமவேன் என்று சொல்லிவிட்டு, நிலமும் குடியிருப்பும் பிழைப்பும் பற்றிய அச்சமின்றி வீடுசெல்ல இயலுமா? மேலிருப்பவர், தம்மைத் தாங்குவார் யாவர் என்று ஒவ்வொருவராய் அறிந்துளாரா? அவருள் அடியார் ஒருவரைக் காணின் இழிந்து வணங்கும் மனநிலை அவர்பால் உண்டா? முதல் வினாவுக்கு விடை 'ஆம்' எனின், ஆட்சியாளர் அதனுட் புகுதற்கு இடமில்லை. பின்னிரண்டையும் ஆட்சியாளர் வினவ இயலாது. சைவராகிய நாமே வினவவேண்டும். இவ்வினாக்களுக்கு எந்த ஆதீனத்தின் விடை யாது என ஈண்டு உரைக்க முற்படவில்லை. ஒவ்வொரு மடத்தும் உள்ளாரே உரைத்தற்குரியர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ்சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழும் நெறியை வகுக்கும்போது, தொழுதல் ஞானிக்கே விதிக்கப்பட்டுள்ளது. ஞானி தொழப்படுபவன் மட்டும் அல்லன், தொழுபவன். திருமடத்தில் உயர்ந்த இருக்கையில் இருப்பார் முதுகும் நாள்தோறும் எவ்வெவ் வேளையில் வளைகின்றது என்பது, கீழே நிற்பார் முதுகு எவ்வளவு வளைகின்றது என்பதினும் ஆராயத்தக்கது.

முதலில் எடுத்த இளைஞர் வினாவுக்கு இப்போது விடைகூறல் எளிது. நெஞ்சம் குவியாதபோது கையைக் குவித்தல் பொய்யோ எனின், எவர்முன் எதன்பொருட்டுக் குவிக்கின்றான் என்பதைப் பொறுத்தது. அச்சத்தாற் குவிப்பின் பொய்யே. பெற்றோர் கடிந்துகொள்வர் என்பதற்காகக் குவிப்பினும் பெரிதும் அதுவே. நெஞ்சம் குவியவேண்டும் என்னும் வேட்கையோடு குவிப்பின், குவியாத நெஞ்சோடு குவித்த கையும் மெய்யே. அவ்வேட்கை இச்சாசத்தியின் தொழில். கை அதற்குக் கருவி. மனமென்னும் மற்றக் கருவி சற்றுப் பின்தங்கி வருகின்றது, அவ்வளவே. ஆகவே, வற்புறுத்தி வணங்கச் செய்தலினும், வணங்குவார் நடுவே அவனை இருத்தலே ஆசிரியர் செய்யத்தக்கது.

முழந்தாள் மடங்காத முதியோர் சிலர், அட்டாங்கமும் பஞ்சாங்கமும் இயலாமையால், திருக்கோயிலுக்கு வருதலையே நிறுத்திவிடுகின்றனர். நாற்காலியிலிருந்து வழிபடுதல் குற்றமாமோ என்று வினவி எழுதுவாரும் உளர். தலைமேற் கையிரண்டையும் குவித்தலாகிய திரியாங்கமும், தலையை மட்டும் தாழ்த்தலாகிய ஏகாங்கமும் நூல்களில் வணக்கவகையுள்ளே வைத்து எண்ணப்பட்டுள்ளன. சுசீந்திரத்துச் சுற்றுமண்டபத்தின் கல்திண்ணை இருத்தற்கு ஏற்றது. அதன்மேல் இருந்து, திருமுன் இருக்கும் பக்கம் நோக்கித் தலையைத் தாழ்த்தும் முதியவர்க்கு வணக்கத்தில் எட்டிலொரு பங்கே கிடைக்கும் என்று எந்த ஆகமமும் கூறவில்லை. கழுத்தும் அசையாது பாயலிற் கிடப்பார்க்கு மனம் ஒன்றே எஞ்சும். வாய்திறந்து அஞ்செழுத்தை அவர் செவியிற் சொல்லுதற்கு அருகிருப்பார் ஒருவர் வேண்டும். அவ்வாறு சொல்லுதற்கு அவரும் தம் முதுகை வளைத்துக் கட்டிலருகே குனிதல்வேண்டும்.